பதினாலு கேள்விக்கும் நலம்

விளாத்திகுளம் ரோட்டுக் காலனி,
கோவில்பட்டி.
ஆனி மாதம் 2.

அன்பு மகள் பூங்கொடிக்கு, அப்பா மாடக்கண்ணு என் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அங்கே தூர தேசமும் ராப்பகல் வேலையும் உன்னை வாட்டாமல் செண்பகவல்லி அம்மன் பார்த்துக்கொள்வாள். இந்த ஒரு வரியை எழுத எனக்குக் காலையில் கஞ்சி குடித்ததிலிருந்து வெயில் வாசலுக்கு வருகிற வரைக்கும் ஆயிற்று. கடிதம் என்றால் முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எஸ்தர்ராணி டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதனால் அப்படியே எழுதியிருக்கிறேன். அதைப் பற்றிக் கடைசியில் ஒன்று சொல்ல வேண்டும், மறக்காமல் சொல்கிறேன்.

போனில் பேசினது காத்தோட போயிரும்ப்பா, உங்க கையெழுத்துல எனக்கு ஒரு கடுதாசி வேணும் என்று நீ பொங்கலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். நீ அனுப்பிய பேனாவில்தான் எழுதுகிறேன், மை வழுக்கிக்கொண்டு போகிறது, எனக்குத்தான் அதன் பின்னால் ஓட முடியவில்லை. எழுபத்தோரு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது சும்மா வந்தது இல்லை மகளே. சாயந்தர வகுப்புக்கு முதல் நாள் முப்பது பேர் வந்தார்கள், பரீட்சைக்குப் பதினொரு பேர்தான் மிஞ்சினோம், அதில் ஆம்பளை நான் ஒருத்தன்தான். பஸ் ஸ்டாண்டில் போய் நின்று ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் படித்துப் பார்ப்பேன். விளாத்திகுளம் என்பது நீள எழுத்து, அதை முழுசாகப் படித்து முடித்துச் சந்தோஷப்பட்டு நிமிர்வதற்குள் பஸ் போய்விடும். எத்தனை வருஷம் இது எங்கன போகுது அண்ணாச்சி என்று ஆள் ஆளாகக் கேட்டிருப்பேன், அப்போதெல்லாம் ஒரு பஸ்ஸைக்கூடத் தவறவிட்டதில்லை. உன் அம்மாவிடம் சொன்னபோது, படிக்காதவன் ஊர் போய்ச் சேந்தான், படிச்சவன் ஸ்டாண்டுலயே நிக்கான் என்று சிரித்தாள். அப்போது அவளுக்கு வாதத்தால் வலது கையும் காலும் வராதே தவிர பேச்சு வரும், கொஞ்சம் குழறினாலும் கேலிக்குக் குறைச்சல் இருக்காது. இதை இங்கேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது வேறு மாதிரி இருக்கும்.

பொங்கல் கழித்து நாலாம் நாள் நம் காலனிக்கு ஒரு பிள்ளை வந்தது, பெயர் சத்தியபாமா, கழுத்தில் அட்டை மாட்டியிருந்தது. அரசாங்கத்தில் வீடுகளைக் குளிர வைக்கிற திட்டம் போட்டிருக்கிறார்கள், கூரைக்கு மேல் வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சுப் பூசி ஓடும் பதித்து, சுவரில் காற்றுப் போகத் துளையும் போட்டு, கரண்ட் குறைவாக இழுக்கிற பேனும் சூரியத் தகடும் கொடுப்பார்கள், கட்டடங்கள் கரண்டை வீணாக்காமலும் கரிப்புகை உண்டாக்காமலும் இருக்க வேண்டும் என்பது கொள்கை என்று விவரமாகச் சொன்னது. பக்கத்து வீட்டு லிங்கராஜ் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, கரிசல்ல குடியிருக்கோம், எங்களப் போயி கரி இல்லாம இருன்னா எப்படித்தா இருக்க என்று கேட்டான், அந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாது, யார் வீடு அதிகமாகக் கொதிக்கிறதோ அவர்களுக்கு முதலில், அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு பாரம், பதினாலு கேள்வி, பதிலுக்கு மார்க் போடுவார்கள் என்றது. அதற்கு அன்றைக்கு இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது. இங்கே எழுதத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டது. காலனியே என்னைக் கை காட்டியது மகளே. உள்ளது உள்ளபடி எழுதுங்க தாத்தா, நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன் என்று இருபத்திரண்டு பாரத்தையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு பாரத்தின் கடைசியிலும் இரண்டு கட்டம் இருந்தது, ஒன்று அலுவலர் நிரப்பியது, இன்னொன்று குடியிருப்போரே நிரப்பியது. இருபத்திரண்டிலும் இரண்டாவது கட்டத்தில் நான் டிக் போட்டேன். அந்த டிக் போட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்கு அன்று ராத்திரியே போனில் சொன்னேன், நீ கூட எங்கப்பா ஆபீசர் ஆயிட்டாவ என்றாய்.

ஆட்கள் எல்லாம் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வீடு வந்து சேர ஆறு மணி ஆகும். அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் வீடு வீடாகப் போனேன். அதுதான் தப்பு. உனக்குத் தெரியும், நம் ஆட்கள் விளக்கு வைத்த வீட்டில் நின்று குறைச்சலாக ஒரு சொல் சொல்லமாட்டார்கள், அரிசிப் பானை காலியாக இருந்தாலும் இல்லை என்ற வார்த்தை வாயில் வராது. சொன்னால் வீட்டில் இருப்பவள் இறங்கிப் போய்விடுவாள் என்பது நம் பயம். நான் முதல் கேள்வியைப் படிப்பேன், கோடையில் பகல் நேரத்தில் வீட்டுக்குள் இருக்க முடிகிறதா என்று. அழகுத்தாய் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே, அதுக்கென்ன சின்னையா, இந்த வீட்டுல இருந்துதான நாலு பிள்ளையக் கரை ஏத்துனேன், நல்லா இருக்குன்னு மகராசனா எழுதுங்க என்பாள். இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி, எல்லாவற்றுக்கும் அதே முகம், அதே பதில். வெயிலால் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனதா என்று ஒரு கேள்வி, அதற்கு யாவரும் நலம் என்று எழுதினேன். மகளே, நலம் என்பது வகுப்பில் நான் கற்ற முதல் வார்த்தை, மூன்றே எழுத்து, என் கைக்கு நன்றாக வரும், வளைத்து வளைத்து எழுதினேன். உன் அம்மா கட்டிலில் படுத்தபடி, எல்லாத்துக்கும் நலம்னு எழுதுனா அவிய எதுக்கு உமக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போறாவ என்று கேட்டாள். விளக்கு எரியுது, வாய மூடு என்றேன். இருபத்திரண்டு வீட்டில் லிங்கராஜ் ஒருத்தன்தான் வாசல்படியில் நின்றுகொண்டு, சுட்ட பானைக்குள்ள இருக்க மாதிரி இருக்குன்னு எழுதும் மாமா என்றான். அவன் பெண்டாட்டி அவன் வாயில் அடித்தாள். நானும், ஏலே, விளக்கு வச்ச வீட்டுல நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுத என்று அவனை அதட்டிவிட்டு அவன் பாரத்திலும் நலம் என்றே எழுதினேன். மறுநாள் அந்தப் பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போனது, கையெழுத்து முத்து மாதிரி இருக்கு தாத்தா என்றது. நான் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பங்குனியில் ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். நானே போய் விரல் வைத்துப் படித்தேன். நம் காலனிக்கு நூறுக்கு ஆறு மார்க், இப்போது தேவை இல்லாத குடியிருப்புகள் என்ற தலைப்பில் கீழே போட்டிருந்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்கு எண்பத்தெட்டு. இரண்டும் ஒரே வருஷத்தில் ஒரே அச்சில் வார்த்த தொகுப்பு வீடுதான், அதே தாழ்ந்த கான்கிரீட் கூரை, அதே ஒரு கதவு, மேற்கே பார்த்த அதே ஒரு ஜன்னல். அங்கே அன்றைக்கு வீட்டில் இருந்த பெரியவர்களில் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. எல்லாம் ரேகை. அதனால் அவர்கள் பாரத்தை ஆபீசிலிருந்தே வந்து நிரப்ப வேண்டியதாகிவிட்டது, அப்படி நிரப்பினால் மாசி மாதத்து வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்கு வந்து துப்பாக்கி மாதிரி ஒன்றைக் கூரைக்கு நேரே பிடித்துச் சூட்டை அளந்து எழுத வேண்டுமாம். எழுதத் தெரிந்தவன் சொன்னால் அளக்க வேண்டாமாம், அவன் சொல்லே போதுமாம். சித்திரை பிறப்பதற்குள் அங்கே நாற்பது கூரையும் தூத்துக்குடி உப்பளம் மாதிரி வெள்ளையாகிவிட்டது. அந்தக் கூரைகளில் பட்ட வெயில் நம் கண்ணில் வந்து கூசுகிறது. லிங்கராஜ் அதைப் பார்த்து, ஆறு மார்க்குக்கு உம்ம பேருக்குப் பின்னால பட்டம் ஏதும் உண்டா மாமா என்று கேட்டான். அவன் அப்படிக் கேட்டதோடு விட்டது அவனுடைய பெருந்தன்மை.

இனி எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி. இந்த வருஷத்துக் கத்திரி எந்த வருஷத்தையும் போல் இல்லை. கரிசல் முழுக்கக் கை போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது, வீட்டுச் சுவரும் கூடவே வெடித்துவிட்டது, அந்த விரிசல் வழியாக வருவதுதான் காற்று. பேன் சுற்றினால் அடுப்பை ஊதுகிற மாதிரி இருக்கும். நான் சாக்கை நனைத்து ஏணி வைத்து ஏறிக் கூரையில் விரிப்பேன், ஏணியில் இறங்குவதற்குள் அது காய்ந்துவிடும், தண்ணீரோ ஆறு நாளைக்கு ஒரு தடவைதான். உன் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வெளியே வேலிக்கருவை நிழலில் போடலாம் என்றால் சம்மதிக்கவில்லை. கால் வராதவள், துணி விலகினால் சரிசெய்யக்கூட ஆள் வேண்டும், பார்க்கிறவன் எல்லாம் பார்க்க என்னத் தெருவுல கிடக்கச் சொல்லுதீயளா என்று அழுதாள். சித்திரை இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கண்ணை மூடிப் படுத்திருந்தவள், என்னைப் பார்த்து, ஏங்க, உள்ள வேவுதுங்க என்றாள். இந்த வீட்டுக்குக் குடிவந்த முப்பத்தைந்து வருஷத்தில் அவள் இதைப் பற்றிச் சொன்ன முதல் குறை அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா மகளே. மத்தியான நேரத்தில்கூட எனக்குப் புத்தி வரவில்லை. விளக்கு வைக்கிற வீட்டுல அப்படிச் சொல்லாத சொர்ணம் என்றேன். அவள் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு வெட்ட ஆரம்பித்தது, தொட்டால் தோசைக்கல். லிங்கராஜ்தான் அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். ஐஸ் வைத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஒன்பது நாள் கிடந்தாள். உயிர் வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. வராது என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் வரும் என்றும் சொல்லவில்லை. அதே வீட்டுக்குள் இன்னொரு கோடையை இவர் தாங்கமாட்டார் பெரியவரே என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது நாலு வாரமாக அம்மா தூங்குகிறாள் என்றேன். ஒரு வாரம் நீ விடாமல் கேட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். எல்லாம் பொய். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் குரல் உடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு வாரம் திங்கட்கிழமை தூத்துக்குடிக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க நின்றேன். மனுவை நானே எழுதினேன், மூன்று நாள் எழுதினேன். முன்பு பாரத்தில் எழுதியது எல்லாம் பொய், வீடு வேகிறது, தயவுசெய்து அளந்து பாருங்கள் என்று எழுதினேன். வீட்டைக் குறை சொல்லி வீட்டுக்குள் வைத்தே எழுத முடியாமல் கோயில் வாசலில் போய் உட்கார்ந்து எழுதினேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர், கோபப்படவில்லை. கம்ப்யூட்டரில் என் பழைய பாரத்தைப் போட்டோவாகவே எடுத்து எனக்குக் காட்டினார். அவ்வளவு பெரிய திரையில் என் எழுத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன் மகளே. நலம், நலம், நலம், யாவரும் நலம். இது நீங்க எழுதினதுதானே ஐயா, குடியிருப்போரே நிரப்பியதுன்னு டிக்கும் இருக்கே, யாராவது மிரட்டி எழுத வச்சாங்களா என்று கேட்டார். யாரும் மிரட்டவில்லை, விளக்கு வைக்கிற நேரம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, புரிந்திருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரியும். இந்தக் கட்டம் முடிஞ்சிட்டு ஐயா, அடுத்த கட்டம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான், அப்ப உள்ளதை எழுதுங்க என்றார். மனுவுக்கு ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார், பத்திரமாக வைத்திருக்கிறேன். ரெண்டு வருஷம் என்றால் ரெண்டு கத்திரி. வரும்போது மாறி ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன், பலகையைப் படிக்கவே இல்லை.

நீ சொன்னது அடிக்கடி ஞாபகம் வருகிறது. நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துக்குக் குளிர் புகாமல் இருக்கச் சட்டப்படி தடியாகப் பலகை ஒட்டி அடைத்தார்களே, வீட்டுக்குக் கம்பளிச் சட்டை போட்ட மாதிரி என்று நாம் சிரித்தோமே. அதற்கு முன்னால் ஒருத்தர் காமிரா கொண்டுவந்து எந்தச் சுவரில் சூடு ஒழுகுகிறது என்று படம் எடுத்தார், எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று நீ குறையாகச் சொன்னாய். அது குறை இல்லை மகளே. அவர் சுவரிடம் கேட்டார். சுவருக்கு விளக்கு வைக்கிற நேரம் தெரியாது, அது உள்ளதைச் சொல்லிவிடும். இங்கே எங்களிடம் கேட்டார்கள். எங்களைப் பற்றி எங்களிடம் கேட்டால் நாங்கள் என்ன சொல்வோம் என்று திட்டம் போட்டவர்களுக்கும் தெரியவில்லை, எழுதிய எனக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கிழவர்களும் என் கையெழுத்துக்குக் கீழே வேகிறார்கள். அழகுத்தாய் மத்தியானத்தில் வீட்டில் இருக்க முடியாமல் தீப்பெட்டி ஆபீசின் குச்சி மூட்டைக்கு நடுவில் போய்ப் படுக்கிறாள். யாரும் என்னை ஒன்றும் சொல்வதில்லை. சாயந்தரம் இப்போதும் பேப்பர் கொண்டுவந்து படிச்சுச் சொல்லுங்க சின்னையா என்கிறார்கள். திட்டினாலாவது நன்றாக இருக்கும்.

எஸ்தர்ராணி டீச்சர் வந்து உன் அம்மாவைப் பார்த்துவிட்டு, நீங்கள் எழுதக் கற்றதால் வந்தது இல்லை ஐயா, தொடர்ந்து எழுதுங்கள் என்றார்கள். உண்மையாக இருக்கலாம். எழுதுகிற சந்தோஷம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை, அதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. இத்தனை கெட்ட செய்தியை எழுதும்போதும் ஒரு எழுத்து நன்றாக விழுந்தால் மனசு ஒரு நிமிஷம் துள்ளுகிறது, உடனே கட்டிலைப் பார்க்கிறேன், அடங்கிவிடுகிறது. இந்தக் கடிதம் எழுத எட்டு நாள் ஆயிற்று. அவள் நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

உனக்குச் சொல்ல ஒரு புத்திதான் என்னிடம் மிச்சம் இருக்கிறது. நீயும் நாலு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நல்லா இருக்கேம்ப்பா, எனக்கு ஒரு குறையும் இல்ல என்றுதான் சொல்கிறாய். முன்பெல்லாம் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். இப்போது அதைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. நீயும் எங்கள் பிள்ளைதானே. அங்கே உனக்கு என்ன குறை என்பதை ஒரு தடவையாவது உள்ளபடி சொல். விளக்கு வைக்கிற நேரமாக இருந்தாலும் சொல், நான் உன் வாயை மூடமாட்டேன்.

முதல் வரியைப் பற்றிச் சொல்வதாக எழுதினேன் அல்லவா. நானும் உன் அம்மாவும் நலம் என்று எழுதியிருந்தேன். இப்போது திரும்பிப் போய் நலம் என்ற வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டேன். கோடு கோணலாக இருக்கிறது, அடியில் எழுத்து தெரியும், இருந்தாலும் நீ அதைப் படிக்காதே. லீவு கேட்டுப் பார். கிடைத்தால் அடுத்த பங்குனிக்கு முன்னால் வா. பெற்றவர்கள் பிள்ளையை வா என்று கூப்பிட்டுக் கலங்கடிக்கக் கூடாது என்பார்கள், அதையும் மீறித்தான் எழுதியிருக்கிறேன்.

நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் கை பட்ட கிழவர்கள் எல்லாம் உன்னை வாழ்த்த வேண்டும். மாத்திரைச் சீட்டில் எழுதியிருப்பதை எனக்குப் படிக்கத் தெரிகிறது, அம்மாவுக்கு நேரம் தவறாமல் கொடுக்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். உறையில் உன் விலாசத்தை டீச்சர் எழுதிக் கொடுத்தார்கள்.

இப்படிக்கு
உன் அப்பா
மாடக்கண்ணு

இதன் கீழே இருப்பது உன் அம்மாவின் இடது பெருவிரல் ரேகை. நான் வைக்கச் சொல்லவில்லை. நான் எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது அவளாகவே கையை நீட்டினாள், மையைத் தடவிக் காகிதத்தைக் காட்டினேன், அழுத்தி வைத்தாள். அது பொய் சொல்லாது.